ரேடியோவுக்கு முன்னால் ஒரு சொல்

பொன்னுதுரை வாத்தியாருக்குப் பையன்கள் வைத்திருந்த பட்டப்பெயர் ‘த வாத்தி’. இங்கிலீஷ் கட்டுரையில் ‘த’ (the) போட வேண்டிய இடத்தில் விட்டவனையும், போடக்கூடாத இடத்தில் போட்டவனையும் அவர் ஒரே மாதிரித்தான் அடித்தார். விரல்களை மடக்கச் சொல்லி, முட்டியின்மேல் ரூலரின் விளிம்பால் ஓர் அடி. “வெள்ளைக்காரன் நம்மளைக் கண்டுபிடிக்கிறதே இந்த ஒத்தச் சொல்ல வெச்சித்தான்டா” என்பார். தன்னை எந்த வெள்ளைக்காரனும் அப்படிக் கண்டுபிடித்ததில்லை என்பதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களின் மகன் அவர். மலாக்கா டவுனில் ஹெட்மாஸ்டரே தன் கடிதத்தை ஒருமுறை பார்த்துக் கொடுக்கச் சொல்லும் அளவுக்கு வளர்ந்திருந்தார்.

ஜப்பான்காரன் வந்தான். பள்ளிக்கூடத்தில் லாரிகளை நிறுத்தினான். இங்கிலீஷ் பலகைகளை எல்லாம் இறக்கச் சொன்னான். தெருவில் இங்கிலீஷ் பேசியவன் கன்னம் வீங்கித்தான் வீடு திரும்பினான். வாத்தியார் டவுனை ஒட்டிய காஜா பெராங்கில் தன் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டார். கிழங்காகத் தின்று அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. மனைவி சிவகாமசுந்தரி தாலியைத் தவிர மிச்சமிருந்த நகையையெல்லாம் ஏற்கெனவே அரிசியாக்கி முடித்திருந்தாள். அந்த நிலையில்தான் கேப்டன் மொரிட்டாவின் ஆள் வந்து வாத்தியாரைக் கூப்பிட்டான்.

கடலோரமாக ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் பங்களாவைப் பிடித்து அதில் அலுவலகம் வைத்திருந்தார்கள். வதந்தி பேசுகிறவர்களையும், ஒளித்துவைத்த ரேடியோக்களையும் கண்டுபிடிப்பது மொரிட்டாவின் வேலை. அவனிடம் மலாய்க்கு ஆள் இருந்தது, சீனத்துக்கு ஆள் இருந்தது. தமிழுக்கு மட்டும் இல்லை. மொரிட்டாவுக்குத் தெரிந்த அந்நிய மொழி இங்கிலீஷ் ஒன்றுதான். படைக்கு வருவதற்கு முன்னால் ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவன் அவன். ஆகவே தெருவில் பேசினால் அடி விழுகிற இங்கிலீஷ், அந்தப் பங்களாவின் மாடி அறையில் மட்டும் தாராளமாகப் புழங்கியது. பிடித்துவந்த தமிழர்கள் சொல்வதை வாத்தியார் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமரம் போட்ட நோட்டாகச் சம்பளம் கொடுத்தார்கள். அது எதற்கும் ஆகாது. கூடவே கொடுத்த அரிசிக்காகத்தான் வாத்தியார் போனார்.

முதல் நாளே மொரிட்டா தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டான்.

“இந்த ‘த’ என்ற சொல் எங்கள் மொழியில் இல்லை. உன் மொழியில் உண்டா?”

“கிடையாது, சார்.”

“மலாயில்?”

“அதிலும் கிடையாது.”

“நம் யாருக்கும் தேவைப்படாத சொல். நீ எப்படிக் கற்றுக்கொண்டாய்?”

வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துபோனது. பள்ளிக்கூடம் மூடிய நாளிலிருந்து யாரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஒரே விதிதான், சார். பேசுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் எது என்று தெரிந்திருந்தால் ‘த’. இல்லாவிட்டால் ‘எ’. ‘எ டாக்’ என்றால் ஏதோ ஒரு நாய். ‘த டாக்’ என்றால் நம் இரண்டு பேருக்கும் தெரிந்த அந்த நாய்.”

மொரிட்டா அதை எழுதிக்கொண்டான். அதற்குப் பிறகு விசாரணை இல்லாத மத்தியான நேரங்களில் எல்லாம் தேநீரும் இலக்கணமும்தான். இப்படியும் ஒரு ஜப்பான்காரனா என்று வாத்தியார் வீட்டில் வந்து வியந்து சொன்னார். சிவகாமசுந்தரி அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள், “கீழ் அறையில அடி வாங்குற சத்தம் மேல கேக்குமா?” அவர் குளிக்கக் கிணற்றடிக்குப் போனார்.

ஒருநாள் மொரிட்டா கேட்டான். “ஆற்றின் பெயருக்கு முன்னால் ‘த’ போடுகிறார்கள். ஏரியின் பெயருக்கு ஏன் போடுவதில்லை?”

“அது வழக்கம், சார். சில இடங்களில் விதிவிலக்கு...”

கன்னத்தில் அறை விழுந்தது. பீங்கான் கோப்பை தரையில் விழுந்து உடைந்தது. வாத்தியாருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. பெரியவரான பிறகு அவரை யாரும் கை நீட்டி அடித்ததில்லை.

“வழக்கம் என்பது பதில் இல்லை,” என்றான் மொரிட்டா. குரலை அவன் உயர்த்தவே இல்லை. “உன் விதி சரியா, தப்பா?”

“சரி, சார்.”

“விதிவிலக்கு உண்டா?”

“இல்லை, சார்.”

“நல்லது. உடைந்ததைப் பொறுக்கு.”

ஷரீஃபுதீனைப் பிடித்துக்கொண்டுவந்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. டவுனில் துணிக்கடை வைத்திருந்தவர். காஜா பெராங்கில் வாத்தியார் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவர் வீடு. சிவகாமசுந்தரிக்கு மலேரியா வந்து கிடந்தபோது, எங்கேயும் கிடைக்காத கொய்னா மாத்திரையை எங்கிருந்தோ வாங்கிவந்து கொடுத்த மனுசன். கடையில் யாரோ கப்பல் முழுகிய செய்தி பேசினார்கள் என்று எவனோ ஒருவன் போய்ச் சொல்லிவிட்டிருந்தான்.

மாடி அறைக்குள் அவரைத் தள்ளிக்கொண்டு வந்தபோது ஒரு கால் செருப்பு இல்லை. தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். மேசை ஓரத்தில் வாத்தியார் நிற்பதைப் பார்த்ததும் அவர் முகத்தில் உயிர் வந்தது. “வாத்தியாரே, நீங்க இங்கயா இருக்கீங்க? அல்லா காப்பாத்திட்டான்” என்றார்.

“பாய், கடையில என்ன பேசினீங்கன்னு கேப்டன் கேக்குறாரு. பயப்படாம சொல்லுங்க.”

“நான் ஒண்ணும் பேசல. ஒரு ஆளு கெழங்கு மாவு கொண்டாந்து குடுத்துட்டுத் துணி கேட்டான். ஜப்பான் கப்பலு நெறைய முங்கிப்போச்சாம், ரேடியோவுல சொன்னாங்களாம்னான். அப்படியான்னேன். அம்புட்டுத்தான். அந்த ஆள அதுக்கு முன்ன பாத்ததில்ல, அப்புறமும் பாக்கல.”

வாத்தியார் இங்கிலீஷில் சொன்னார். அவருடைய இங்கிலீஷ் எப்போதும் போல இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. “எ கஸ்டமர் டோல்ட் மீ... இட் வாஸ் ஆன் த ரேடியோ.”

மொரிட்டாவின் பேனா நின்றது.

“எ கஸ்டமர்,” என்று அவன் திருப்பிச் சொன்னான். “சரி. அந்த ஆள் யார் என்று இவனுக்குத் தெரியாது.” பிறகு பேனாவைக் கீழே வைத்தான். “ஆன் த ரேடியோ. ‘எ ரேடியோ’ இல்லை. ரேடியோ எது என்று இவனுக்குத் தெரியும்.”

ரேடியோவில் கேட்டதை இங்கிலீஷில் அப்படித்தான் சொல்வார்கள். எந்த ரேடியோ என்று யாருக்கும் தெரிந்திருக்கத் தேவையில்லை. சினிமாவுக்குப் போகிறேன், மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்பதைப்போல அது வெறும் பேச்சு வழக்கம். நாலாம் வகுப்புப் பையனுக்கு அவர் சொல்லிக்கொடுப்பதுதான். ஆனால் வழக்கம் என்ற சொல்லை இந்த அறையில் சொல்ல முடியாது. விதிவிலக்கு இல்லை என்று அவர் வாயாலேயே சொல்லியாகிவிட்டது.

இன்னொரு வழியும் இருந்தது, அதைவிடச் சுலபமானது. தமிழில் ‘த’ கிடையாது, பாய் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, போட்டது நான், என் தப்பு என்று சொல்லலாம். அதைச் சொல்ல வாயைத் திறந்தார்.

“இவன் ‘த’ என்று சொன்னானா?” என்று மொரிட்டா கேட்டான். வாத்தியாரின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

ஷரீஃபுதீன் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். என்ன பேசுகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. தனக்காகத்தான் வாத்தியார் ஏதோ பேசப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு, ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

“சொன்னார், சார்,” என்றார் வாத்தியார்.

மொரிட்டா சிரித்தான். “பேசுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் தெரிந்திருந்தால் ‘த’. இதுதானே உன் விதி? பேசுகிறவன் இவன். கேட்டவன் யார்? தமிழ் எனக்குத் தெரியாது. இவன் உன்னிடம்தான் பேசினான். ஆக, ரேடியோ எது என்று உனக்கும் தெரியும்.”

கீழ் அறையில் என்ன நடக்கும் என்பது வாத்தியாருக்குத் தெரியும். அங்கேயும் அவர்தான் மொழிபெயர்ப்பார். வயிறு முட்டத் தண்ணீர் ஊற்றிய ஆள் வாயிலிருந்து வருகிற சொற்களைக்கூட இலக்கணம் பிசகாமல் சொல்லியிருக்கிறார்.

“இல்லை, சார்! இன்னொரு விதி இருக்கிறது,” என்று கிட்டத்தட்டக் கத்தினார். “ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால், கேட்கிறவனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. த சன், த மூன். சூரியன் ஒன்றுதான். அதுபோல இவர் ஊரில் ரேடியோ ஒன்றே ஒன்று இருக்கலாம். எனக்கு அதைத் தெரிய வேண்டியதில்லை, சார். ஒன்றுதான் என்பதால் ‘த’ வந்திருக்கிறது.”

“இவன் ஊர் எது?”

“காஜா பெராங், சார்.”

அது தன் ஊரும்தான் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

“எங்கே என்று கேள்.”

“பாய்,” என்றார் வாத்தியார். “ரேடியோ எங்க இருக்குன்னு கேக்குறாரு.”

ஷரீஃபுதீன் விழித்தார். “எந்த ரேடியோ வாத்தியாரே?”

அதை அப்படியே சொல்லாமல், அவருக்குத் தெரியாதாம் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் வாய்ப்பழக்கம் முந்திக்கொண்டது. “விச் ரேடியோ, சார்.”

“எது என்றா கேட்கிறான்?” மொரிட்டா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். “அப்படியென்றால் ஒன்றுக்கு மேல் இருக்கிறது.”

கீழே கொண்டுபோனார்கள். வாத்தியாரும் பின்னால் போனார். அது அவருடைய வேலை. மொரிட்டா கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். ஒவ்வோர் அடிக்கும் அவன் “த ரேடியோ! த! த!” என்று அந்தச் சொல்லை மட்டும் அழுத்திக் கத்தினான். சிப்பாய்களும் விளையாட்டாக அவனோடு சேர்ந்து “த! த!” என்றார்கள். ஷரீஃபுதீன் முதலில் அல்லாவைக் கூப்பிட்டார். பிறகு வாத்தியாரைக் கூப்பிட்டார். “வாத்தியாரே, நான் சொன்னத அவனுக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க வாத்தியாரே” என்றார். அதைக்கூட வாத்தியார் இங்கிலீஷில் சொன்னார். வாத்தியாரே என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

மறுநாள் சிப்பாய்கள் காஜா பெராங்குக்குள் இறங்கினார்கள். வீடு வீடாகப் பலகைத் தரையைப் பெயர்த்தார்கள், கூரையைக் குத்தினார்கள், கிணற்றுக்குள் ஆளை இறக்கினார்கள். கோயில் பக்கத்துச் செட்டி வீடுகளில் பூஜை மாடத்தைக்கூட விடவில்லை. குறுக்கே நின்ற ஒரு கிழவரைத் துப்பாக்கிக் கட்டையால் இடித்துத் தள்ளியதில் அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. ரேடியோ கிடைக்கவில்லை. ஆனால் ஊர்க்காரர்கள் மண்ணுக்குள்ளும் மெத்தைக்குள்ளும் ஒளித்துவைத்திருந்த அரிசியெல்லாம் கிடைத்தது. மூட்டை கட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாத்தியார் வீட்டு வாசலில் மட்டும் யாரும் ஏறவில்லை.

துணிக்கடை பாய் அடி தாங்காமல் எதையோ உளறிவிட்டார், அதனால்தான் ஊருக்கே இந்தக் கேடு என்று அன்று சாயங்காலத்துக்குள் பேச்சுப் பரவிவிட்டது. வாத்தியார் காதிலும் அது விழுந்தது. அவர் மறுக்கவில்லை.

ஷரீஃபுதீனை ஒரு மாட்டு வண்டியில் போட்டு வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். உயிர் இருந்தது. சில நாள் கிடந்தார். கஞ்சி உள்ளே இறங்கவில்லை. பிறகு மவுத்தானார். மய்யித்தை அடக்கத்துக்குத் தூக்க நாலு பேர் சேர்வதற்கே மத்தியானம் ஆனது. அரிசியைப் பறிகொடுத்த வீடுகளிலிருந்து ஒருவரும் வரவில்லை. வாத்தியார் வேலைக்குப் போயிருந்தார்.

பாயின் மனைவி மும்தாஜ் இத்தா இருந்தாள். புருஷன் இறந்த துக்கத்தில் அந்நிய ஆண்கள் முகத்தில் விழிக்காமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய காலம் அது. வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று சிவகாமசுந்தரியிடம் சொல்லி அனுப்பினாள். அவர் தட்டிக்கழித்துப் பார்த்தார். கடைசியில் சிவகாமசுந்தரியே அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். முன்னறையில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. உள்வாசலில் பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் மும்தாஜ் உட்கார்ந்திருந்தாள். வளையல் சத்தம் இல்லை. குரல் மட்டும் வந்தது.

“அண்ணே, நீங்க அங்க இருந்தீங்களாம். அவுக சொன்னாக. வாத்தியாரு இருந்ததாலதான் இந்த அளவோட விட்டானுங்கன்னு சொன்னாக.”

வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாவுற வரைக்கும் ஒண்ணையேதான் கேட்டுக்கிட்டிருந்தாக. ‘த, த’ன்னு சொல்லிச் சொல்லி அடிச்சானுங்களாம். ‘த’ன்னா என்ன மும்தாஜு, ‘த’ன்னா என்னன்னு என்னைக் கேட்டாக. எனக்கு என்னண்ணே தெரியும்? ஜப்பான் பாஷையா அது?”

“இல்லம்மா. இங்கிலீஷு.”

“என்ன அர்த்தம்?”

வகுப்பில் வாத்தியார் கரும்பலகை நிறைய எழுதிப்போட்டு விளக்குவார். இங்கே ஒரு வரிகூட வரவில்லை. “தனியா அர்த்தம்னு ஒண்ணும் இல்லம்மா. வேற சொல்லுக்கு முன்னால போடுறது.”

“அர்த்தம் இல்லாத சொல்லா?” என்றாள் மும்தாஜ். “அதையா சொல்லிச் சொல்லி அடிச்சானுங்க?”

“அந்தக் கேப்டனுக்கு இங்கிலீஷு அரைகுறை. தப்பாப் புரிஞ்சுக்கிட்டான். அவன் மடத்தனம்தான் எல்லாத்துக்கும் காரணம்.” சொல்லச் சொல்ல வாத்தியாருக்குக் குரல் திடமானது. அவர் அதை உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் அவர் சாப்பிட்டார், தூங்கினார். முட்டாள் ஒருவன் கையில் இலக்கணம் சிக்கிக்கொண்டதற்கு அவர் என்ன செய்ய முடியும்?

“நீங்க எடுத்துச் சொல்லலையாண்ணே?”

“சொன்னேம்மா. எவ்வளவோ சொன்னேன். அவன் கேக்கல.”

திரைக்குப் பின்னால் அவள் அழ ஆரம்பித்தாள். “நீங்க நல்லா இருக்கணும்ணே. ஊரே எங்கள ஒதுக்கி வெச்சிருச்சு. அவுகளுக்காகப் பேசின ஒரே மனுசன் நீங்கதான்.”

வீட்டுக்குத் திரும்பி உள்ளே நுழைந்ததும் சிவகாமசுந்தரி கேட்டாள். “நெசமாவே எடுத்துச் சொன்னீங்களா?”

“சொன்னேன்னு சொல்றேன்ல?”

“என்னன்னு சொன்னீங்க?”

அவர் கையில் இருந்த குடையைச் சுவரில் வீசி அடித்தார். “உனக்கு இங்கிலீஷு தெரியுமா? தெரிஞ்சாக் கேளு!” என்று இரைந்தார். சிவகாமசுந்தரி குடையை எடுத்து மூலையில் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. வேறு எதைப் பற்றியும் அதிகமாகக் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் மொரிட்டாவை பர்மாவுக்கு மாற்றினார்கள். புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் வாத்தியாரை மாடிக்குக் கூப்பிட்டான். பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. பழையபடி தேநீர் ஊற்றினான்.

“உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தத் துணிக்கடைக்காரன். அவன் ‘த’ என்று சொன்னதாக ஏன் சொன்னாய்? உன் மொழியில் ‘த’ கிடையாது. முதல் நாளே நீ சொல்லியிருக்கிறாய்.”

வாத்தியார் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

“ஆன் த ரேடியோ,” என்றான் மொரிட்டா, பாடம் நடத்துகிற குரலில். “அட் த சினிமா. அது பேச்சு வழக்கம். எந்த ரேடியோ என்பது அதில் இல்லை. நானே என் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.”

“உங்களுக்குத் தெரியுமா, சார்?”

“தெரியாமல் எப்படி?”

“அப்படியானால்... ஏன்?”

“நீ சொல்வாய் என்று பார்த்தேன். நான் உன்னைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தேன். ஒரு மொழிபெயர்ப்பாளன் பயத்தில் சொல்லை மாற்றுவானா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. தமிழில் அந்தச் சொல்லே இல்லை என்று நீ சொல்லியிருந்தால், அவனை நாலு அறை அறைந்து அனுப்பியிருப்பேன்.” அவன் தேநீரை ஊதிக் குடித்தான். “நீ ‘சொன்னார்’ என்று சொல்கிற வரைக்கும் அது இலக்கணம். சொன்ன பிறகு விசாரணை. பக்கத்தில் இரண்டு சிப்பாய்கள் நிற்கிறார்கள். விசாரணை என்றால் முறைப்படி நடத்த வேண்டும்.”

அவன் முகத்தில் கோபமோ கேலியோ இல்லை. பரீட்சைத் தாளைத் திருத்தி முடித்தவனைப்போல இருந்தான்.

“ஏரிக்கு ஏன் ‘த’ வருவதில்லை என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை,” என்று சொல்லிவிட்டு எழுந்தான். வாத்தியார் இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

காஜா பெராங்குக்கு அவர் நடந்தேதான் வந்தார். வழியில் ஒரு முறை கால்வாய் ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தார். மும்தாஜுக்கு இத்தா முடிந்து பல மாதம் ஆகியிருந்தது. கடை போய்விட்டது. வீட்டிலேயே மரவள்ளி அடை சுட்டு விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றவள் அவரைப் பார்த்துவிட்டாள்.

“அண்ணே! மொகமெல்லாம் என்ன இப்படி இருக்கு? உள்ள வந்து ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

வாத்தியார் உள்ளே போய் உட்கார்ந்தார். வெல்லம் போட்ட வரக்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்கிறவரை எதிரே நின்றாள். இப்போதே சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. சொன்னால் அவள் என்ன செய்வாள்? கத்துவாள். ஊர் கூடும். இழந்த அரிசிக்கும், கிழவரின் தோளுக்கும், பாயின் உயிருக்கும் சேர்த்து அந்த ஊர் அவரிடம் கணக்குக் கேட்கும். காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

மும்தாஜ் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலம் எடுத்துவந்தாள். பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்தது. பிரித்தால் வெள்ளைச் சட்டைத்துணி, மடிப்புக் கலையாமல். ஊரில் கோணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்த காலம். நல்ல துணியைக் கண்ணால் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

“அவுக தனக்குன்னு எடுத்து வெச்சது. வித்தா ஒரு மாசம் சாப்புடலாம், மனசு வரல. தீவாளி வருதில்ல. நீங்க தச்சுப் போட்டுக்கங்கண்ணே. அவுகளுக்காக வாய் தொறந்த மனுசன் நீங்க.”

“வேணாம்மா...”

“வாங்கிக்கங்க. இல்லன்னா என் மனசு ஆறாது.”

அவர் வாங்கிக்கொண்டார்.

சிவகாமசுந்தரி தையல் தெரிந்தவள். துணியைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்ததுமே அது எந்தக் கடைத் துணி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. “யாரு குடுத்தா?”

“மும்தாஜ்.”

“எதுக்கு?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் துணியை அதே மடிப்பில் மடித்து, அதே செய்தித்தாளில் சுற்றி, அவர் மடியில் வைத்தாள். “இதை என்னால தைக்க முடியாது” என்றாள்.

டவுனில் ஒரு சீனத் தையல்காரனிடம் கொடுத்து அவர் சட்டை தைத்துக்கொண்டார். தீபாவளியன்று காலையில் குளித்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். தோளில் கொஞ்சம் பெரிதாக இருந்தது. இரண்டு வீடு தள்ளி, அடை வாங்க நின்றவர்களோடு பேசிக்கொண்டிருந்த மும்தாஜ் நிமிர்ந்து பார்த்தாள். சட்டையைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டே, நன்றாக இருக்கிறது என்று கையைக் காட்டினாள். வாத்தியாரும் பதிலுக்குக் கையைத் தூக்கினார்.